பன்றி நாடாப்புழுவும் மனநோயும்: ஒரு நோயறிதலின் வரலாறு

ஒட்டுண்ணித் தொற்று மனிதனின் மனநிலையைப் பாதிக்குமா என்ற கேள்வி, அண்மைக் காலத்தில் பூனைகள் வழியாகப் பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒற்றைச் செல் உயிரியை முன்வைத்தே பெரிதும் விவாதிக்கப்படுகிறது. ஆயினும் அந்த உயிரிக்கும் மனச்சிதைவு நோய்க்கும் உள்ள உறவு இன்றளவும் புள்ளியியல் சார்ந்த ஒன்றாகவே நிற்க, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிணப்பரிசோதனை மேசையிலும் எக்ஸ்ரே படத்திலும் ஸ்கேனிலும் நேரடிச் சான்று திரண்டிருப்பது பன்றி நாடாப்புழுவைப் பற்றியே ஆகும். இப்புழு மூளையில் குடியேறி வலிப்பையும் மனச்சோர்வையும் சில வேளைகளில் மனப்பிறழ்வையும் விளைவிக்கிறது என்ற அறிவு ஒரே நேர்கோட்டில் வளர்ந்ததன்று; அது ஒரு நாட்டில் பெறப்பட்டு, அங்கேயே மறக்கப்பட்டு, வேறொரு நாட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. தொற்று நேர்வதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்துவிடுவதால், நோயாளியை நீண்டகாலம் பின்தொடரும் வாய்ப்புப் பெற்ற நிறுவனங்களுக்கே காரணம் புலப்பட்டது என்பதும், அவ்வாய்ப்பில்லாத இடங்களில் புழுவின் வேலை நோயாளியின் குணக்கேடாகவோ பரம்பரைக் குறையாகவோ வாசிக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டீனியா சோலியம் எனப்படும் பன்றி நாடாப்புழு, முதிர்ந்த நிலையில் மனிதக் குடலில் மட்டுமே வாழ்வது. பொதுவாக இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை வளர்வது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, திறந்தவெளியில் மேயும் பன்றியின் வயிற்றுக்குள் சென்று, அங்கிருந்து இரத்தத்தின் வழியே தசைகளை அடைந்து, ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் அளவுள்ள நீர்க்குமிழ்களாகத் தங்குகின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் உட்புறமாக மடங்கிய ஒரு புழுத்தலை வெண்புள்ளியாகத் தெரியும். சிஸ்டிசெர்கஸ் என்று பெயர் பெற்ற இக்குமிழ்கள் உள்ள இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது; அதனால் பெரிய துன்பம் ஏதும் நேர்வதில்லை. கேடு நேர்வது மனிதர் முட்டையை விழுங்கும்போதுதான். அப்போது பன்றியின் இடத்தில் மனிதர் நிற்கிறார். குமிழ்கள் அவருடைய தசையிலும் கண்ணிலும் மூளையிலும் உருவாகின்றன. மூளையில் உருவாகும் நிலையே நியூரோசிஸ்டிசெர்கோசிஸ், அதாவது மூளைப்புழுக்கட்டி நோய். பன்றி இறைச்சியைத் தொட்டே பார்த்திராதவருக்கும், அசுத்தமான நீரோ பச்சைக் காய்கறியோ கழுவாத கையோ இம்முட்டையைக் கொண்டு சேர்க்க முடியும் என்பதை இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் இந்நோயைப் பற்றிய பிழையான எண்ணங்களில் பாதி, இந்த இரு வழிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே பிறக்கின்றன.

பன்றியின் நாக்கை வெளியே இழுத்து, அதன் அடிப்பரப்பில் குமிழ்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்கும் வழக்கம் பண்டைக் கிரேக்கத்திலேயே இருந்தது. அரிஸ்டாட்டிலும் பன்றியின் இக்குறையை விவரித்துள்ளார். ஆனால் அக்குமிழும் மனிதக் குடலின் நாடாப்புழுவும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எவருக்கும் தெரியவில்லை. ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் கூகென்மைஸ்டர் 1855-இல் மரண தண்டனை பெற்ற கைதி ஒருவருக்கு, அவர் அறியாமலேயே, குமிழ்கள் கலந்த உணவைக் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின் அவருடைய குடலை அறுத்துப் பார்த்து, அங்கே இளம் நாடாப்புழுக்கள் பற்றியிருப்பதைக் காட்டினார். அறிவியலுக்குப் பயன் தந்த இச்சோதனை அறத்துக்கு எவ்வகையிலும் பொருந்தாதது. அக்காலத்திலேயே அதைக் கண்டித்தவர்கள் இருந்தனர்.

வாழ்க்கைச் சுழற்சி தெளிவான பின், மூளையில் காணப்படும் குமிழ்களின் மீது மருத்துவர்களின் கவனம் திரும்பியது. இதில் முதன்மையாகக் குறிப்பிட வேண்டியவர் வில்ஹெல்ம் கிரீசிங்கர். மனநோய்களை மூளையின் நோய்களாகவே கருத வேண்டும் என்று வாதிட்டு, ஐரோப்பிய மனநல மருத்துவத்தின் போக்கையே மாற்றியவர் அவர். 1862-இல் அவர் மூளைப்புழுக்கட்டி பற்றிய நோயாளர் விவரங்களைத் திரட்டி, உயிரோடிருக்கும்போதே இந்நோயை அறிய முடியுமா என்று ஆராய்ந்தார். வலிப்பு மட்டுமுள்ளவர்கள், வலிப்போடு மனக்கோளாறும் உள்ளவர்கள், மனக்கோளாறு மட்டுமே உள்ளவர்கள், எவ்வித அறிகுறியும் இல்லாதவர்கள் என நோயாளிகள் பலவாறாக இருப்பதை அவர் கண்டார். ஒரு புழு மனத்தைக் கலக்கக்கூடும் என்பது கிரீசிங்கரின் கொள்கைக்குக் கிடைத்த கண்கூடான ஆதாரம் எனலாம். ஆனால் அவர் காலத்தில் அந்த ஆதாரம் நோயாளி இறந்த பிறகே கைக்கு வந்தது.

அடுத்து நிகழ்ந்தது வரலாற்றில் கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் இறைச்சிப் பரிசோதனை சட்டமாக்கப்பட்டு, கழிப்பிட வசதியும் பெருகியதால் நோய் அருகியது. நோய் அருகவே அதைப் பற்றிய நினைவும் மருத்துவக் கல்வியிலிருந்து மங்கியது. அதே காலத்தில் குடியேற்ற நாடுகளில் நோய் பதிவாகத் தொடங்கியிருந்தது. 1888-இல் ஆம்ஸ்ட்ராங் என்பவர் சென்னையில் கூலித் தொழிலாளி ஒருவரிடம் இந்நோயைப் பதிவுசெய்தார். இந்தியாவின் முதற்பதிவாகக் கொள்ளப்படுவது இதுவே. 1912-இல் கிருஷ்ணசாமி என்பவர், தசைவலியும் தோலடி முடிச்சுகளும் கொண்டவர்களைப் பற்றியும், பிணப்பரிசோதனையில் தசை, இதயம், மூளை ஆகியவற்றில் நிறைந்திருந்த குமிழ்களைப் பற்றியும் எழுதினார். இப்பதிவுகள் தனித்தனிச் செய்திகளாகவே நின்றுவிட்டன. சென்னையில் நாட்கூலிக்கு உழைத்தவர்களுக்குப் பத்தாண்டு கழித்து என்ன நேர்ந்தது என்பதைக் குறித்துவைக்க எந்த அலுவலகத்துக்கும் கடமை இருக்கவில்லை.

அக்கடமை இருந்த நிறுவனம் பிரிட்டிஷ் இராணுவம். இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய படைவீரர்களில் சிலர், திரும்பிய பல ஆண்டுகளுக்குப் பின் வலிப்புக்கு ஆளாயினர். நல்ல உடற்கட்டோடு படையில் சேர்ந்தவர்கள், குடும்பத்தில் எவருக்கும் வலிப்பு இல்லாதவர்கள், முப்பது வயதுக்கு மேல் திடீரென்று விழுந்து துடித்தனர். வேறு சிலர் காரணமற்ற சோகத்தில் ஆழ்ந்தனர், எரிச்சல் மிகுந்தவராயினர், நினைவும் கவனமும் குன்றினர். இவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் பலவகை: காரணமறியா வலிப்பு, ஹிஸ்டீரியா, மனவாட்டம், பித்து. மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. இராணுவ மருத்துவத் துறையைச் சேர்ந்த வில்லியம் மக்கார்த்தர், லண்டன் மில்பேங்க் இராணுவ மருத்துவமனையில் இத்தகையோரை ஒருங்கே வைத்துப் பார்த்து, 1930-களில் தம் முடிவுகளை வெளியிட்டார். அவருக்குத் துணைநின்றவை இரண்டு. ஒன்று, படைவீரர் எந்த ஆண்டு எங்கே பணியாற்றினார், எப்போது நாடாப்புழுவுக்கு மருந்து உண்டார், தோலடியில் முடிச்சு தோன்றியதா என்பனவற்றை எல்லாம் காத்துவைத்திருந்த சேவைப் பதிவேடு. மற்றொன்று எக்ஸ்ரே. மூளையில் மடிந்த புழுக்கட்டிகள் அக்கால எக்ஸ்ரேயில் அரிதாகவே தெரிந்தன. ஆனால் தொடை, தோள் ஆகியவற்றின் தசைகளில் மடிந்த புழுக்கட்டிகளின்மேல் சுண்ணாம்பு படிந்துவிடுவதால், அவை தசைநார் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கும் நெல்மணிகளைப் போலப் படத்தில் வெண்மையாகத் தெரிந்தன. மனம் பேதலித்தவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவரின் நோய்க்கான விடை அவருடைய தொடையில் எழுதப்பட்டிருந்தது.

மக்கார்த்தரைத் தொடர்ந்து வந்த டிக்சனும் லிப்ஸ்கோமும் 450 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 1961-இல் வெளியிட்ட அறிக்கை, இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் விளங்குகிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலிப்பு இருந்தது. மனக்கோளாறு தனித்துக் குறிக்கப்பட்டவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலோருக்கு முதல் வலிப்பு, தொற்று நேர்ந்திருக்கக்கூடிய காலத்திலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் வந்தது. மிகச் சிலருக்கு முப்பது ஆண்டு வரையும் ஆனது. நாடாப்புழு இருந்ததாகத் தெரியவந்தவர் ஏறக்குறைய கால்வாசிப் பேரே. எஞ்சியோர் பிறரிடமிருந்து முட்டையைப் பெற்றவர்கள் என்று கொள்வதே பொருத்தம். இந்த நோயறிதலுக்கு மருத்துவத்தைத் தாண்டிய பொருளும் இருந்தது. பிறவிக் குறை என்று எழுதப்பட்ட வலிப்புக்குப் படை பொறுப்பேற்க வேண்டியதில்லை. பணியிடத்தில் பெற்ற தொற்று என்று எழுதப்பட்டால் நிலைமை வேறு. அவ்வீரர்களுக்குச் சமைத்தவர்களும் அவர்கள் குடித்த அதே தண்ணீரைக் குடித்த ஊர்மக்களும் இக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை என்பது வருத்தத்தோடு பதிவுசெய்யத்தக்கது.

நோயின் மனநலக் கூறு மிகக் கூர்மையாக ஆராயப்பட்ட இடம் மெக்சிகோ. ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே புகலிடம் தேடிய தியோனிசியோ நியெத்தோ, மனநல மருத்துவராகவும் மூளைத்திசு ஆய்வாளராகவும் ஒருசேரப் பயின்றவர். 1910-இல் திறக்கப்பட்ட லா காஸ்தன்யேதா என்னும் பெரும் மனநோய் மருத்துவமனை அவருடைய பணிக்களங்களில் ஒன்று. பித்து என்று அடைக்கப்பட்டிருந்தவர்களின் மூளைகளில் புழுக்கட்டிகளைக் கண்ட அவர், அதை உயிரோடிருக்கும்போதே அறிவதற்காக, மூளைத் தண்டுவட நீரில் புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனையை மேம்படுத்தினார். 1956-இல் ஆங்கில மருத்துவ இதழில் வெளியான அவருடைய கட்டுரை அச்சோதனையை உலகறியச் செய்தது. கிரீசிங்கர் இறந்தபின் கண்டதை நியெத்தோ இறக்குமுன் காண முயன்றார் என்பதில் ஒரு நூற்றாண்டின் தொடர்ச்சி இருக்கிறது. அவருடன் பணியாற்றிய அல்ஃபோன்சோ எஸ்கோபார், புழுக்கட்டி உயிருள்ள குமிழாக இருந்து, கலங்கி, சுருங்கி முடிச்சாகி, இறுதியில் சுண்ணாம்புப் படிவாக முடியும் நான்கு நிலைகளை வகுத்தார். உயிருள்ள புழு தன்னைச் சூழ்ந்த எதிர்ப்பாற்றலை அடக்கும் பொருள்களைச் சுரந்து பல ஆண்டுகள் அமைதியாக வாழ்கிறது. அது நலிந்து சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதை அந்நியமென்று அறிந்து தாக்க, சுற்றியுள்ள மூளைத்திசு அழற்சியுற்று வீங்குகிறது. படைவீரர்களின் நோய் ஏன் இத்தனை ஆண்டுகள் பிந்தி வந்தது என்ற புதிருக்கு இதுவே விடை.

இடைவெளி சுருங்கி, காரணமும் விளைவும் ஒருங்கே தெரிந்த அரிய நிகழ்வொன்று 1970-களில் மேற்கு நியூகினி மலைநாட்டில் நேர்ந்தது. இந்தோனேசிய அரசு பாலித் தீவிலிருந்து பரிசாக அனுப்பிய பன்றிகளோடு நாடாப்புழுவும் பானியாய் ஏரிப்பகுதியின் ஏகாரி மக்களிடம் வந்து சேர்ந்தது. குளிர்ந்த அம்மலைகளில் குடிலின் நடுவே தீ மூட்டி, அதைச் சுற்றிப் படுப்பது வழக்கம். சில ஆண்டுகளில், உறக்கத்தில் வலிப்பு வந்து தீயில் விழுந்து கடுமையாக வெந்தவர்கள் எனரோத்தாலி மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். முதலில் மருத்துவர்கள் கண்டது தீக்காயங்களின் பெருக்கத்தைத்தான், புழுவை அன்று. 1978-இல் மருத்துவ ஆய்வாளர் கார்ல்டன் கஜ்தூசெக் இதை விரிவாக எழுதினார்.

1970-களில் வந்த சி.டி. ஸ்கேன் நோயை மண்டையோட்டுக்குள்ளேயே காட்டியது. 1980-ஐ ஒட்டி பிராசிகுவான்டலும் பின்னர் அல்பெண்டசோலும் மருந்துகளாக வந்தன. ஆனால் படம் தெரிவதும் படத்தை அறிவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தியாவே சான்று. வலிப்புடன் வரும் இளைஞர்களின் ஸ்கேனில் ஒரே ஒரு சிறு கட்டி தெரிந்தால், காசநோய் மலிந்த நாடென்பதால் அதை மூளைக் காசநோய்க்கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது 1980-களில் பொதுவழக்காக இருந்தது. அம்மருந்துகளில் ஒன்றான ஐசோநயாசிட் சிலருக்கு மனப்பிறழ்வை உண்டாக்கக்கூடியது என்பதை நினைத்தால், தவறான நோயறிதல் புதிய மனத்துயரையும் சேர்த்திருக்கும் என்பது விளங்கும். இந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்களான மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஆவர். அக்கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பலவற்றில் இருந்தது காசநோய் அன்று, மடிந்துகொண்டிருந்த புழு. 1989 முதல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுகள், கட்டியின் அளவு இரண்டு சென்டிமீட்டருக்குள் இருத்தல், மூளையழுத்தம் உயராதிருத்தல், நரம்புக்குறை வளராதிருத்தல் போன்ற அளவுகோல்களைக் கொண்டு அறுவையின்றியே நோயை அறிய வழிசெய்தன. வலிப்பு மருந்து மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலான கட்டிகள் தாமே மறைந்தன. “மூளையில கட்டி” என்று கேட்டு நடுங்கி வந்த குடும்பங்களுக்கு இது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே குழு மருத்துவமனையை விட்டு வெளியே சென்று, வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடுவீடாகக் கேட்டு ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு, தமிழகத்துக்கு நேரடிப் பொருளுடையது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய நால்வருக்கு நடப்பு வலிப்பு நோய் இருந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் வலிப்புக்கு மூளைப்புழுக்கட்டியே காரணமாகத் தெரிந்தது. ஊர்ப்புறத்தில் காக்காய் வலிப்பு என்று பெயரிட்டு, கையில் இரும்புச் சாவியைத் திணித்து, முன்வினை என்றோ காற்று சேட்டை என்றோ சொல்லப்பட்டு வந்த நோயின் கணிசமான பகுதி, கழிப்பிடத்தாலும் கைகழுவலாலும் தடுத்திருக்கக்கூடியது என்பதே இதன் பொருள். மேலும் அக்கணக்கெடுப்பு வலிப்பை எண்ணுவதற்கென்று வகுக்கப்பட்டது. வலிப்பின்றி மனச்சோர்வோடு மட்டும் இருந்தவர் அதில் அகப்பட வழியில்லை.

மனநிலை பற்றிய நேரடி அளவீடு பிரேசிலிலிருந்து வந்தது. கம்பினாஸ் பல்கலைக்கழக நரம்பியல் பிரிவில் சிகிச்சை பெற்ற 38 நோயாளிகளை ஆராய்ந்து ஃபோர்லென்சாவும் உடனாய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஏறக்குறைய மூவரில் இருவருக்கு மனநோய் அறிகுறிகளும், பாதிக்கு மேற்பட்டோருக்கு மனச்சோர்வும், 14 விழுக்காட்டினருக்கு மனப்பிறழ்வும் இருந்தன. டிக்சன், லிப்ஸ்கோம் ஆகியோரின் எண்ணோடு இது பெரிதும் வேறுபடுவதற்கு நோய் மாறியது காரணமன்று. கேட்ட கேள்வி மாறியதே காரணம். படைமருத்துவர் பித்தைத் தேடினார், கம்பினாஸ் ஆய்வாளர் முறையான வினாப்பட்டியலோடு சோர்வையும் தேடினார். எனினும் மருத்துவமனைக்கு வந்த 38 பேரைக் கொண்டு ஊர்முழுவதையும் அளக்கவியலாது. அதே ஆய்வில், கட்டிகளின் எண்ணிக்கையோ வகையோ மனக்கோளாற்றோடு ஒத்துப்போகவில்லை. நோய் உயிர்ப்போடு இருத்தலும் மூளையழுத்தம் உயர்ந்திருத்தலும் ஒத்துப்போயின. முன்பே மனச்சோர்வுக்கு ஆளானவர்களே மீண்டும் அதிகம் ஆளாயினர். ஆகவே ‘புழு சோர்வைத் தருகிறது’ என்று ஒற்றை வரியில் சொல்வது பிழை. ஏற்கெனவே நொய்ந்திருக்கும் மனத்தின்மேல் அழற்சியும் அழுத்தமும் சுமையாக ஏறுகின்றன. அதோடு எக்காரணத்தால் வரும் வலிப்பிலும் மனச்சோர்வு மிகுதி என்பதும், ஃபீனோபார்பிட்டோன் போன்ற பழைய வலிப்பு மருந்துகளும் அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டுகளும் தாமே மனநிலையைக் குலைப்பன என்பதும் சேர்கின்றன. சமூகம் ஏற்றும் சுமை இன்னொன்று. 1976-இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், அடிக்கடி வரும் வலிப்பைப் பித்தோடு ஒரே தொடரில் நிறுத்தி, திருமணத்துக்குத் தடையாக வைத்தது. அச்சொல் நீக்கப்பட்டது 1999-இல்தான். இருபத்துமூன்று ஆண்டுகள் நாட்டின் சட்டமே அவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கையில், வலிப்புள்ள பெண்ணொருத்தியின் சோர்வு முழுவதையும் புழுவின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

இருப்பினும் புழுவின் பங்கை வலுவாகக் காட்டும் ஆய்வொன்று மெக்சிகோ தேசிய நரம்பியல் நிறுவனத்திலிருந்து 2005-இல் வெளிவந்தது. சிகிச்சை பெறாத 90 நோயாளிகளில் 15.5 விழுக்காட்டினர் அறிவுத்தேய்வு நோய்க்குரிய நிலையில் இருந்தனர். அல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். திரும்பவே திரும்பாது என்று குடும்பங்கள் கைவிடும் நிலையொன்று மருந்தால் திரும்பியது என்பது, நோய் மலிந்த பகுதிகளின் மனநலப் பிரிவுகள் கருத்தில் கொள்ள வேண்டிய உண்மை. முதன்முறையாக நடுவயதில் மனப்பிறழ்வோடு வருபவருக்கு, அதிலும் தலைவலியோ ஒருமுறை வலிப்போ இருந்தால், மூளைப் படம் ஒன்று எடுத்துப் பார்ப்பது இத்தகைய பகுதிகளில் இன்றியமையாதது.

நோய்த்தடுப்பின் வரலாறு அண்மையது. பன்றி இறைச்சியை விலக்கிய நியூயார்க் யூதச் சமூகத்தில் நால்வருக்கு இந்நோய் வந்ததும், வீட்டுப்பணியாளர் வழியே முட்டைகள் பரவியிருக்கலாம் என்பதும் 1992-இல் வெளியானபோது, உணவு விலக்கு ஒன்றே காப்பாகாது என்பது உறுதியாயிற்று. அப்பணியாளரும் நோய்க்கு ஆளானவரே என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் மனிதருக்கும் பன்றிக்கும் ஒருசேர மருந்தும், பன்றிகளுக்குத் தடுப்பூசியும் கொடுத்து நடத்திய திட்டம், 107 சிற்றூர்களில் 105-இல் பரவலை நிறுத்தியதாக 2016-இல் அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உருவான பன்றித் தடுப்பூசி இன்று ஹைதராபாத்தில் தயாராகிறது. பரவல் நின்ற ஊர்களிலும், ஏற்கெனவே மூளையில் சுண்ணாம்புத் தழும்புகளோடு வாழ்பவர்களுக்கு வலிப்பு மருந்தும் மனநலக் கவனிப்பும் இன்னும் பல்லாண்டுகள் தேவைப்படும்.